மூன்று நாற்காலிகள்: ஜப்பானியப் பெண்கள் மல்யுத்தத்தில் முடிப் பணயப் போட்டிகள்

மணி அடித்து, நடுவர் வென்றவரின் கையை உயர்த்தியதும் போட்டி முடிந்துவிட்டதாகக் கொண்டு மதிப்பெண் இடுவதுதான் தொழில்முறை மல்யுத்தத்தை விமர்சிப்பவர்களின் வழக்கம். ஜப்பானியப் பெண்கள் மல்யுத்தத்தில் தலைமுடியைப் பணயம் வைத்து நடந்த போட்டிகளுக்கு இந்த வழக்கம் பொருந்தாது. அங்கே மணி அடித்த பிறகு ரிங்குக்குள் ஒரு நாற்காலி வருகிறது. தோற்றவர் அதில் அமர்ந்து, எல்லாரும் பார்த்திருக்க, தன் முடியை இழக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களை விட்டுவிட்டு எழுதப்படும் மதிப்புரை, தீர்ப்பு வாசிக்கப்படும் முன்பே நீதிமன்றத்தை விட்டு எழுந்து வந்தவர் சொல்லும் வழக்கு விவரத்தைப் போன்றது. ஆகவே நான் இங்கே எடுத்துக்கொள்ளும் மூன்று போட்டிகளையும் கடைசி முடிக்கற்றை விழும் வரை பார்த்து எழுதுகிறேன். 1985 ஆகஸ்ட் 28 அன்று ஒசாகா-ஜோ ஹாலில் சிகுசா நகாயோவும் டம்ப் மட்சுமோட்டோவும் மோதியது முதலாவது. 1992 ஆகஸ்ட் 15 அன்று தோக்கியோவின் கோராக்குவென் ஹாலில் மனாமி டொயோட்டாவும் டொஷியோ யமாடாவும் மோதியது அடுத்தது. கடைசியாக, 2021 மார்ச் 3 அன்று நிப்போன் புடோகானில் ஜூலியாவும் டாம் நகானோவும் மோதியது.

முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஒன்றுக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நாடகத்தில் இறப்பவர் திரை விழுந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகிறார். முடியிழந்தவர் அப்படிப் போக முடியாது. எழுதப்பட்ட கதையாகவே இருந்தாலும், மழிக்கப்பட்ட தலை மழிக்கப்பட்ட தலைதான். மறுநாள் ரயிலிலும் கடைத்தெருவிலும் அதே தலையோடுதான் நடக்க வேண்டும். 'முடி பெண்ணின் உயிர்' என்று ஜப்பானிய மொழியில் ஒரு பழமொழி இருக்கிறது. கற்பனையான ஒரு போட்டிக்குள் கற்பனை அல்லாத ஓர் இழப்பைக் கொண்டுவந்து வைப்பதுதான் இந்தப் பணயத்தின் வலு.

முதல் இரண்டு போட்டிகளையும் நடத்தியது அனைத்து ஜப்பான் பெண்கள் மல்யுத்த நிறுவனம். ரசிகர்கள் அதைச் சுருக்கி 'ஸென்ஜோ' என்பார்கள். மட்சுனாகா சகோதரர்கள் 1968இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2005 வரை இயங்கியது. அங்கே இளம் வீராங்கனைகளுக்கு மதுவும் புகையும் ஆண் நட்பும் தடை செய்யப்பட்டிருந்தன. 25 வயதாகிவிட்டால் ஓய்வு பெற வேண்டும் என்ற எழுதாத விதியும் இருந்தது. இவற்றை நான் பழங்கதையாகச் சொல்லவில்லை. பதினைந்து, பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்து, ஒரே விடுதியில் உண்டு உறங்கி, பத்தாண்டுகளுக்குள் எல்லாவற்றையும் சாதித்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடு வாழ்ந்த பெண்கள் இவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் ரிங்கில் நாம் காணும் வேகமும் கண்ணீரும் விளங்கும். இன்னொரு செய்தியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இளையவர்களின் போட்டிகளில் ஒரு கட்டத்துக்குப் பிறகு, எதிரியை மூன்று எண்ணும் வரை தரையோடு அழுத்திப் பிடிப்பது உண்மையான போட்டியாகவே நடந்தது என்று அங்கிருந்த முன்னாள் வீராங்கனைகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். வெற்றி தோல்வி என்ற சொற்களுக்கு அந்த நிறுவனத்துக்குள் வேறிடங்களில் இல்லாத எடை இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சிகுசா நகாயோவும் லயனஸ் அசுகாவும் 1983இல் 'க்ரஷ் கேல்ஸ்' என்ற இணையாகச் சேர்ந்தார்கள். ஃபியூஜி தொலைக்காட்சியின் ஒளிபரப்பு அவர்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது; அவர்கள் பாடிய பாட்டுகளும் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. அரங்கை நிறைத்தவர்கள் பெரும்பாலும் பள்ளிச் சிறுமிகள் என்பதை ஒசாகாப் போட்டியின் பதிவைப் பார்ப்பவர்கள் முதல் நொடியிலேயே கேட்டுவிடுவார்கள். கேட்டுவிடுவார்கள் என்றே சொல்கிறேன், ஏனெனில் அந்தப் பதிவில் கண்ணுக்கு முன்னால் காதுதான் வேலை செய்கிறது. ஆண்கள் மல்யுத்த அரங்கின் அடித்தொண்டை முழக்கம் இல்லை அது. ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே நேரத்தில் கிறீச்சிடும் ஓசை. டம்ப் மட்சுமோட்டோ வரும்போது அதே குரல்கள் 'போய்விடு' என்று கத்துகின்றன. முகம் நிறைய வண்ணம் பூசி, கையில் மூங்கில் வாளும் சங்கிலியுமாக வரும் அவருக்குப் பின்னால் 'கொகுஆகு டோமெய்' என்ற அவருடைய படுபாதகக் கூட்டணி வருகிறது.

மல்யுத்தம் என்ற அளவில் மட்டும் பார்த்தால் இந்தப் போட்டி சிறந்ததன்று. இதற்கு ஆறே நாட்களுக்கு முன்பு, ஆகஸ்ட் 22 அன்று, புடோகானில் ஜாகுவார் யோகோட்டாவும் லயனஸ் அசுகாவும் ஆடிய உலகப் பட்டப் போட்டியில் பிடியும் மறுபிடியும் எறிதலும் எழுதலும் இன்றைக்கும் மலைக்க வைக்கும் நேர்த்தியோடு அமைந்திருக்கின்றன. ஒசாகாவில் அந்த நேர்த்தியைத் தேடக் கூடாது. நகாயோ தொடக்கத்திலேயே பாய்ந்து அடிக்கிறார், கூட்டணிக்காரர்கள் குறுக்கிடுகிறார்கள், நடுவர் ஷிரோ அபே அவர்கள் பக்கம் சாய்ந்து, காணவேண்டியதைக் காணாமலும் எண்ணவேண்டியதை மெதுவாகவும் எண்ணுகிறார். கத்தரிக்கோல் நகாயோவின் நெற்றியைக் குத்துகிறது. அதன்பிறகு மல்யுத்தம் என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. இரத்தம் வழியும் முகத்தோடு ஒருவர் திரும்பத் திரும்ப எழுவதும் திரும்பத் திரும்ப வீழ்த்தப்படுவதும்தான் இருக்கிறது.

ஆனால் அந்த எழுதல் இருக்கிறதே, அதை நகாயோ அளவுக்குச் செய்தவர் எவரையும் நான் கண்டதில்லை. விழுந்து கிடக்கும்போதும் அவர் உடல் அரங்கோடு பேசிக்கொண்டே இருக்கிறது. ஒரு கையை ஊன்றுகிறார், அரங்கு மூச்சைப் பிடிக்கிறது; முழங்காலை மடிக்கிறார், அலறல் எழுகிறது; மீண்டும் சரிகிறார், அந்த அலறல் அழுகையாக மாறுகிறது. வலியைக் காட்டுவதில் மிகையும் இல்லை, குறையும் இல்லை. பத்து எண்ணும் வரை எழ முடியாமல் அவர் தோற்கும்போது முன்வரிசைச் சிறுமிகள் முகத்தைப் பொத்திக்கொள்கிறார்கள். பலர் ஏற்கெனவே தேம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு நாற்காலி வருகிறது. நகாயோ அதில் தானாக உட்காரவில்லை, உட்கார வைக்கப்படுகிறார். அவரைச் சங்கிலியால் பிணைத்திருக்கிறார்கள். அசுகா குறுக்கே பாயப் பார்க்கிறார், தடுத்து நிறுத்துகிறார்கள். கத்தரிக்கோலும் முடிவெட்டும் இயந்திரமும் மாறி மாறி ஓட, முடி கற்றை கற்றையாக விழுகிறது. டம்ப் அந்த வேலையை அவசரப்படாமல் செய்கிறார். ஒரு வில்லி எந்தப் புள்ளியிலும் நல்லவளாகத் தெரிந்துவிடக் கூடாது என்ற கடமையை இவ்வளவு கறாராக நிறைவேற்றியவர் வேறெவரும் இல்லை என்றே சொல்வேன். இந்தக் காட்சியைப் பார்ப்பது எளிதாக இல்லை. எத்தனை முறை பார்த்தாலும், இதைச் சிறுமிகள் நிறைந்த ஓர் அரங்கில் நடத்தியிருக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கு எழாமல் இருந்ததில்லை. எனினும், அவ்வளவு பெரிய அரங்கில் இருந்த அத்தனை பேரும் ஒரே துக்கத்தில் இணைந்த ஒரு நிகழ்வாக, மல்யுத்த வரலாற்றில் இதற்கு ஈடு சொல்ல எனக்கு வேறொன்று கிடைக்கவில்லை.

அந்த வெற்றிக்கு டம்ப் கொடுத்த விலை சிறியதல்ல. தெருவில் வசவு வாங்கியதையும், குடும்பத்தாரும் அதில் அல்லலுற்றதையும் அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். அவரும் நகாயோவும் 1980இல் ஒரே ஆண்டில் அறிமுகமான, சேர்ந்து பயிற்சி பெற்றவர்கள். இருவரும் எடுபடாமல், கவனிக்கப்படாமல், ஒன்றாகவே கீழ்வரிசையில் கிடந்து பழகியவர்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த நாற்காலிக் காட்சி வேறாகிவிடுகிறது: தன் தோழியை நாட்டின் நாயகியாக்குவதற்காக, தன்னை நாடே வெறுக்கும்படி செய்துகொள்கிறார் ஒருவர்.

1986 நவம்பர் 7 அன்று அதே அரங்கில் நடந்த மறுபோட்டியில் நகாயோ வென்றார். டம்பின் தலை மழிக்கப்பட்டது. நியாயம் கிடைத்தது என்ற நிறைவு அதில் உண்டு, அவ்வளவுதான். முதல் போட்டியின் புண் ஆறாமல் இருந்ததுதான் அதன் பெருமை என்பதால், ஆற்றுவதற்காக நடத்தப்பட்ட இரண்டாவது போட்டி என்னை அந்த அளவுக்குத் தொடவில்லை.

1992க்கு வருவோம். இந்த மூன்றில் எது சிறந்த போட்டி என்று கேட்டால் தயக்கமின்றி இதைத்தான் சொல்வேன். இங்கே வில்லியும் இல்லை, நாயகியும் இல்லை. டொயோட்டாவும் யமாடாவும் 1987இல் அறிமுகமான ஒரே அணியினர். இணையாகச் சேர்ந்து ஆடுபவர்கள். ஒருவருடைய உடல் அடுத்து எங்கே திரும்பும் என்பது மற்றவருக்கு உறக்கத்திலும் தெரியும். அப்படிப்பட்ட இருவருக்கிடையே முடிப் பணயம் வைப்பதற்குப் பகை என்ற காரணமே இல்லை. யார் மேலானவர் என்ற கேள்வி மட்டுமே இருக்கிறது. பகையை விடக் கொடியது அந்தக் கேள்வி.

கோராக்குவென் ஹால் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அமரும் சிறிய அரங்கு. ஒசாகாவில் அலறல் கூரையில் முட்டிப் பரவியது. இங்கே ஒவ்வோர் அடியின் ஓசையும் சுவரில் பட்டு உடனே திரும்புகிறது. அதற்கு ஏற்றவர் யமாடா. குட்டை முடியும் உதையை மையமாகக் கொண்ட ஆட்டமுமாக, நகாயோவின் வழியில் வந்தவர் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். அவர் உதை அலங்காரமற்றது. தொடையில், விலாவில், பிடரியில் ஒரே கனத்தோடு விழுகிறது. விழுந்த பிறகு அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிவதில்லை. டொயோட்டாவோ நீண்ட கூந்தலோடு காற்றில் வாழ்பவர். மேல் கயிற்றிலிருந்து இரு கால்களையும் நீட்டிப் பாய்ந்து உதைப்பது, பின்னோக்கிச் சுழன்று விழும் மூன்சால்ட், எதிரியை இடுப்போடு பிணைத்துப் பின்னால் வளைந்து வீசிவிட்டு அந்த வளைவிலேயே கழுத்தை ஊன்றி நிற்கும் சூப்ளெக்ஸ் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போவார். அந்தக் கூந்தல் ஒவ்வொரு பாய்ச்சலிலும் அவருக்குப் பின்னால் இன்னொரு உடலைப் போல விரிகிறது. பணயத்தில் இருப்பது என்ன என்பதைப் பார்வையாளருக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

டொயோட்டாவின் மீது நெடுங்காலமாக ஒரு குறை சொல்லப்படுகிறது: பிடிகளில் கால் முறுக்கப்பட்டுக் கதறியவர், அடுத்த நிமிடமே ஒன்றும் நடவாததுபோல ஓடுகிறார் என்பது. இந்தக் குறை நியாயமானது. அவருடைய பல போட்டிகளில் முதல் பத்து நிமிடங்களை வெட்டியெறிந்தாலும் கதை மாறாது. ஆனால் இந்தப் போட்டியில் அது என்னை உறுத்தவில்லை. தோற்றால் என்ன நேரும் என்ற அச்சம் இருவர் முகத்திலும் முதலிலிருந்தே ஏறியிருப்பதால், அந்த ஓட்டம் கவனக்குறைவாகத் தெரியாமல் பதற்றமாகத் தெரிகிறது. மூன்றாம் எண்ணுக்கு நூலிழை முன்னே தோளை உயர்த்தித் தப்பிப்பது அக்காலத்து ஸென்ஜோ போட்டிகளில் மிகுதியாக வரும். சில இடங்களில் சலிப்பூட்டும் அளவுக்கு வரும். இங்கே ஒவ்வொரு தப்பித்தலும் தலையைக் காப்பாற்றிக்கொள்ளும் செயல் என்பதால் ஒன்றுகூட வீணாகவில்லை.

டொயோட்டா வென்றார். நான் இந்தப் போட்டியை இவ்வளவு உயர்த்திப் பிடிப்பதற்கான காரணம் அதற்குப் பிறகுதான் வருகிறது. யமாடா வாக்குக் கொடுத்தபடி முடியிழக்கத் தயாராகிறார். வென்றவர்தான் அதை ஏற்க மறுக்கிறார். டொயோட்டா அழுதுகொண்டே அவர் முன்னே பாய்கிறார், வேண்டாம் என்று தடுக்கிறார், கத்தரிக்கோலைப் பிடுங்கித் தன் கூந்தலையே வெட்டிக்கொள்ள முற்படுகிறார். சக வீராங்கனைகள் சேர்ந்து அவரைப் பிடித்து நிறுத்த வேண்டியதாகிறது. அவர் திமிறிக்கொண்டிருக்க, யமாடாவின் தலை மழிக்கப்படுகிறது.

ஒசாகாவில் தோற்றவர் பிணைக்கப்பட்டிருந்தார். கோராக்குவெனில் பிடித்து நிறுத்தப்பட்டவர் வென்றவர். ஏழு ஆண்டுகளில் ஒரே நிறுவனம் தன் சொந்தக் காட்சியை இப்படித் தலைகீழாக்கியிருப்பதைத் திட்டமிட்ட கலைத்திறன் என்பதா, அந்த இருவரின் நட்பு தானாகக் கொண்டுவந்து சேர்த்த இடம் என்பதா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். டொயோட்டாவின் அந்த அழுகை எழுதிக் கொடுக்கப்பட்டது என்று என்னால் நம்ப முடியவில்லை. எழுதிக் கொடுக்கப்பட்டதாகவே இருந்தாலும் என் மதிப்பீடு குறையப்போவதில்லை. நாற்காலியில் யமாடா காக்கும் அமைதியையும் சொல்லியாக வேண்டும். பார்வை எல்லாம் டொயோட்டாவின் மீது குவியும் அந்த நேரத்தில், தன் தோல்வியை முழுதாகத் தாங்கிக்கொண்டு அசையாமல் இருப்பவர் அவர்தான். இந்தப் போட்டியைப் பற்றி எழுதுபவர்கள் டொயோட்டாவையே பாடுவதும் யமாடாவை ஒரு வரியில் கடந்துபோவதும் எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

அதே ஆண்டு நவம்பர் 26 அன்று காவாசாகியில் இவர்கள் இருவரும் இணையாக நின்று, ஜேடபிள்யூபி நிறுவனத்தின் டைனமைட் கன்சாய், மயுமி ஒஸாகி இணையை எதிர்கொண்டார்கள். தனிச்சிறப்புள்ள போட்டி அது. பலருக்கு அதுவே முதலிடம். அதைப் பார்க்கும்போது யமாடாவின் தலையைக் கவனியுங்கள். கோராக்குவென் இரவுக்கு மூன்று மாதங்கள்தான் ஆகியிருக்கின்றன.

2021ஆம் ஆண்டுப் போட்டியைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது குறைவு. அது தரத்தால் வந்த குறைவு அல்ல. அந்தப் போட்டி நடந்தது, 2011இல் முதல் நிகழ்ச்சியை நடத்திய ஸ்டார்டம் நிறுவனத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில். நாளோ மார்ச் 3, ஜப்பானில் பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாள். ஜூலியா ஐஸ் ரிப்பன் நிறுவனத்தை விட்டு 2019இல் சர்ச்சையோடு ஸ்டார்டமுக்கு வந்தவர். டாம் நகானோ மேடை நடனத்திலிருந்து ரிங்குக்கு வந்தவர். 2020 ஜூலையில், 'வெள்ளைப் பட்டம்' என்று ரசிகர்கள் அழைக்கும் 'வொண்டர் ஆஃப் ஸ்டார்டம்' பட்டத்துக்கான இறுதிப் போட்டியில் ஜூலியாவிடம் தோற்றது முதல் டாம் அவரையே துரத்திக்கொண்டிருந்தார். இப்போது அந்தப் பட்டமும் இருவர் முடியும் சேர்ந்தே பணயமாயின.

நோய்த்தொற்றுக் காலக் கட்டுப்பாட்டால் ரசிகர்கள் குரல் எழுப்பக் கூடாது, கைதட்டலாம் என்பது அன்றைய விதி. அதனால் இந்தப் பதிவின் ஓசை ஒசாகாவுக்கு நேரெதிரானது. தலையும் தலையும் மோதுவது கேட்கிறது. வீராங்கனைகளின் மூச்சு கேட்கிறது. எதிரியைத் தூக்கித் தலை கீழாக வரும்படி தரையில் வீழ்த்தும் நார்தர்ன் லைட்ஸ் பாம் ஜூலியாவின் ஆயுதம்; 1990களில் வீராங்கனை அகிரா ஹொகுடோ உருவாக்கியது அது. டாமின் பலம் உதைகளும் பின்வளைவு சூப்ளெக்ஸ்களும். இருவரும் டொயோட்டாவின் வேகத்தில் ஆடவில்லை. ஒவ்வோர் அடிக்குப் பின்னும் ஒருவரையொருவர் பார்க்கும் நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். வாய் திறக்க முடியாத கூட்டம் கைதட்டலை வேகமாக்கியும் குறைத்தும் தன் படபடப்பைச் சொல்ல முயல்வது, போட்டிக்கு எவரும் திட்டமிடாத ஒரு தாளத்தைத் தருகிறது. நடுப்பகுதி சற்று நீண்டுவிட்டது என்பது ஒன்றே என் குறை.

டாம் வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டார். பிறகு ரிங்கில் நாற்காலி வந்தது. இம்முறை சங்கிலி இல்லை. பிடித்து நிறுத்தப்பட வேண்டியவரும் இல்லை. ஜூலியா தானே போய் அதில் அமர்ந்தார். வெட்டுபவர் தொழில் தெரிந்த முடிதிருத்துநர். முடி விழும்போது அரங்கில் அழுகைக்கும் அனுமதி இல்லாததுபோல ஓர் அமைதி. நடுவே இயந்திரத்தின் இரைச்சல் மட்டும். ஒசாகாவின் காட்சியில் இழிவு இருந்தது, கோராக்குவெனில் பாசம் இருந்தது, இங்கே வாக்குத் தவறாமை இருக்கிறது. மழித்த தலையோடு நிமிர்ந்த ஜூலியாவின் முகம், தோற்றவரின் முகமாகவே இல்லை. அந்த இரவில் அவருடைய மதிப்பு உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. வென்ற டாமை விட அவர்தான் அன்று நினைவில் நின்றார். அது டாமுக்கு நேர்ந்த சிறு அநீதி. அதே டாம் 2025 ஏப்ரல் 27 அன்று யோகோஹாமா அரங்கில் சயா கமிடானியிடம் தோற்று, முடிக்குப் பதிலாகத் தன் மல்யுத்த வாழ்வையே பணயத்தில் இழந்து ஓய்வு பெற்றார் என்பதை அறிந்த பிறகு புடோகான் பதிவை மீண்டும் பார்த்தேன். முதல் முறை நான் கவனியாமல் விட்ட டாமின் முகம் இரண்டாம் முறை என்னை விடவில்லை.

இவற்றைப் புதிதாகப் பார்க்க விரும்புவோர் 1992ஆம் ஆண்டுப் போட்டியில் தொடங்குவது நல்லது. பின்னணி எதுவும் தெரியாமலேயே அது புரியும். ஒசாகாப் போட்டியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்த கையோடு, 1988 பிப்ரவரியில் நடந்த டம்பின் ஓய்வுப் போட்டியையும் தேடிப் பாருங்கள். அன்று டம்பும் யுகாரி ஓமோரியும் ஓர் இணை, நகாயோவும் அசுகாவும் எதிரணி. நால்வரும் ஒரே ஆண்டில் வந்தவர்கள். ஆட்டம் முடிந்ததும் இணைகளை மாற்றிக்கொண்டு இன்னொரு முறை ஆடுகிறார்கள். டம்ப் மட்சுமோட்டோவின் பக்கம் வந்து நிற்பவர் சிகுசா நகாயோ.